டல்லாஸ் நிர்வாகம் செய்ததை ஒன்பது மாதம் ஆகியும் மறக்க முடியவில்லை

முதுநகர்_77
12 நவம்பர் 2025, காலை 5:50

நேற்று இரவு சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் செய்தி வந்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடும் டல்லாஸ் மேவரிக்ஸ் டீமில், ஆட்டக்காரர்களை எடுப்பதையும் மாற்றுவதையும் முடிவு செய்யும் ஜெனரல் மேனேஜர் நிக்கோ ஹாரிசனை நீக்கிவிட்டார்கள். இந்த சீசனில் 11 ஆட்டம் ஆடி 3-இல்தான் ஜெயித்திருந்தார்கள். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு முறை படித்தேன். எங்கள் நட்சத்திரம் லூக்கா டான்சிச்சை அவர் வேறு டீமுக்கு மாற்றிக் கொடுத்த பிப்ரவரியிலிருந்து இந்தச் செய்திக்காகக் காத்திருந்தவன் நான். வந்தபோது சந்தோஷம் வரவில்லை. ராத்திரி சரியாகத் தூக்கமும் இல்லை. அதனால்தான் கடை திறப்பதற்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டல்லாஸ் பக்கம் போனது 2015-இல். பஞ்சாபைச் சேர்ந்த சத்னம் சிங்கை அந்த வருட டிராஃப்டில், அதாவது டீம்கள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 52-ஆவதாக எடுத்தார்கள். இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ. டிராஃப்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர். ஒரு என்.பி.ஏ. சீசன் ஆட்டத்தில்கூட அவரை இறக்கவில்லை. இருந்தாலும் நம்மாள் ஒருவரை எடுத்த டீம் என்று அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அப்படியே நின்றுவிட்டது. டிர்க் நோவிட்ஸ்கியின் கடைசி நான்கு வருடங்களைப் பார்த்தேன். 21 சீசன், ஒரே டீம், ஒரே சட்டை. 2018-இல் லூக்கா டான்சிச் வந்தார். அப்புறம் என் காலை நேரமெல்லாம் அவருக்கே போனது. 2022 டிசம்பரில் நியூயார்க்குக்கு எதிராக 60 பாயிண்ட், 21 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். 2024 ஜனவரியில் அட்லாண்டாவுக்கு எதிராக 73. அந்த வருடம் ஃபைனல்ஸ் வரைக்கும் போய் பாஸ்டனிடம் 4-1 என்ற ஆட்டக் கணக்கில் தோற்றோம். தோற்றது வலித்தது. அந்த வலி வேறு. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொள்ள முடிந்த வலி.

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத்தில் சங்கரா வாங்க நின்றுகொண்டிருந்தேன். மணி பத்தே முக்கால் இருக்கும். போன் விடாமல் அதிர்ந்தது. ஈரக் கையோடு எடுத்தேன், திரையில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டது. லூக்கா லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் டீமுக்குப் போகிறார், அவர்களுடைய ஆன்டனி டேவிஸ் டல்லாஸுக்கு வருகிறார் என்று இருந்தது. செய்தி போட்ட என்.பி.ஏ. நிருபர் ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உலகம் முழுக்க அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். அவரே மறுபடியும் வந்து உண்மைதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டே அதே நாலு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. மீன்காரம்மா, "தம்பி, வெட்டவா வேணாமா"ன்னு கேட்டுக்கொண்டே இருந்தார்.

என் கோபம் லூக்காவை விற்றதில் பாதிதான். விற்ற விதத்தில் மீதிப் பாதி. அன்றைக்கு நான் நின்ற இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் துறைமுகத்தில் நல்ல வஞ்சிரம் ஒன்று வந்து இறங்கினால் என்ன நடக்கும்? தார்ப்பாயில் கிடத்துவார்கள். செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவார்கள். ஏலம் விடுபவர் விலை கூவுவார், நாலு வியாபாரி ஏற்றுவார்கள், ஐந்தாவது ஆள் பின்னாலிருந்து ஒரு சத்தம் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத படகுக்காரருக்கும் தெரியும், ஒரே ஆளிடம் காதோடு காதாக விலை பேசினால் நஷ்டம் தனக்குத்தான் என்று.

25 வயது ஆட்டக்காரர். ஐந்து வருடம் தொடர்ந்து லீகின் முதல் ஐந்து பேரில் ஒருவர். அவரை விற்க ஹாரிசன் பேசியது லேக்கர்ஸ் மேனேஜர் ராப் பெலிங்கா ஒருவரிடம் மட்டும். இருவரும் பல வருடப் பழக்கம். ஜனவரியில் டல்லாஸில் ஒரு காபிக்கு உட்கார்ந்து ஆரம்பித்த பேச்சு. வேறு எந்த டீமுக்கும் மூச்சு விடவில்லை. கிடைத்தது என்ன? 31 வயது டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-க்கான ஒரே ஒரு முதல் சுற்று பிக், அதாவது அந்த வருட டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு ஆளை எடுக்கும் உரிமை. ஏலத்தில் விட்டிருந்தால் மூன்று மடங்கு கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்து சொல்வேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே 26 பாயிண்ட், 16 ரீபவுண்ட் எடுத்துவிட்டு மூன்றாவது குவார்ட்டரில் காயத்தோடு வெளியே போனார். மார்ச் 3-இல் எங்கள் இன்னொரு நட்சத்திரம் கைரி இர்விங்குக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. 39 வெற்றி, 43 தோல்வி என்று சீசன் முடிந்தது. "நிக்கோவை நீக்கு" என்று எழுதிப் பிடித்தவர்களை அரங்கத்திலிருந்து வெளியேற்றினார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்களை.

ஒருவரை நீக்கியதோடு கணக்கு முடிந்ததா? எனக்கு முடியவில்லை. உங்களுக்கு?

லாஸ்பேட்டை_லேக்கர்ஸ்
காலை 6:25

அண்ணே, நான் எதிர் டீம் ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நானும் நம்பவில்லை. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தேன், துள்ளிக் குதித்தேன், மறைக்க மாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, டல்லாஸ் பக்கமும் ஒரு கவலை இருந்தது. லூக்கா 2024 கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் கெண்டைக்கால் காயத்தோடு போனவர், அதற்கப்புறம் டல்லாஸுக்கு ஆடவே இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்வதில்லை என்ற பேச்சு வருடக்கணக்காக இருந்தது. டிஃபென்ஸும் பலவீனம்தான். இவருக்கு இவ்வளவு பெரிய காண்ட்ராக்ட் கொடுத்துவிட்டு உடம்பு போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு மேனேஜர் பயப்படுவது தப்பில்லை. நாங்களும் லூக்காவை வைத்துக்கொண்டு கோப்பைக்கான பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்றோம்.

இரண்டாவது, டேவிஸைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2020-இல் எங்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அவர். அவரையும்தான் ராவோடு ராவாக மாற்றினார்கள். லூக்காவுக்காக நீங்கள் அழுதது நியாயம். டேவிஸ் டல்லாஸில் முதல் நாளிலிருந்தே லூக்கா இல்லாத குறையாகவே பார்க்கப்பட்டார். அவர் செய்த தப்பு என்ன?

முதுநகர்_77
காலை 6:40

தம்பி, டேவிஸ் விஷயத்தில் நீ சொல்வது சரி. அந்த முதல் ஆட்டத்தில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மனசு கொஞ்சம் இளகியது. அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

புதுவை_மாஸ்டர்
காலை 7:15

25 வருடமாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் ஏல உதாரணம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது. மீன் பேசாது. ஆட்டக்காரருக்குக் காது இருக்கிறது. முப்பது டீமிடமும் கேட்டால் மறுநாளே வெளியே வந்துவிடும். ஒப்பந்தம் நடக்காமல் போனால், தன்னை விற்கப் பார்த்த டீமுக்கு அவர் மறுபடியும் வந்து ஆட வேண்டும். அதனால் ரகசியம் என்பதையே குற்றம் என்று சொல்ல மாட்டேன். எல்லா டீமும் ரகசியமாகத்தான் பேசுகிறார்கள்.

நான் குற்றம் என்று சொல்வது அதற்கு முன்னால் நடந்தவை. ஜேலன் பிரன்சனை நினைத்துப் பாருங்கள். 2018 டிராஃப்டில் 33-ஆவது ஆள். லூக்காவோடு ஒரே வருடம் வந்த பையன். நான்கு வருடத்துக்கு 5.5 கோடி டாலர் சொச்சத்தில் கையெழுத்து வாங்கியிருக்கலாம். காத்திருந்தார்கள். 2022-இல் அவர் நியூயார்க்குக்கு 10.4 கோடி டாலருக்குப் போனார். போய் அந்த டீமையே தூக்கி நிறுத்தினார். இது ஒரே தடவை என்றால் விட்டுவிடலாம். 2004-இல் ஸ்டீவ் நாஷை விட்டார்கள், பீனிக்ஸில் அடுத்தடுத்து இரண்டு வருடம் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது வாங்கினார். 2011-இல் கோப்பை ஜெயித்த கையோடு டைசன் சாண்ட்லரை விட்டார்கள், மறு வருடமே அவர் லீகின் சிறந்த டிஃபெண்டர் ஆனார். நாஷ் போனபோதும் சாண்ட்லர் போனபோதும் ஓனர் வேறு, மேனேஜர் வேறு. ஹாரிசன் வந்ததே 2021-இல்தான். ஆகவே ஒரு மனிதர் மேல் மட்டும் பாரத்தைப் போட்டால் நோய் எங்கே என்று தெரியாமல் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2024 பிப்ரவரியில் பி.ஜே. வாஷிங்டனையும் டேனியல் கஃபோர்டையும் கொண்டுவந்தவர் இதே ஹாரிசன். அவர்கள் இல்லாமல் அந்த ஃபைனல்ஸ் கிடையாது.

ஊதாச்சட்டை
காலை 7:50

சாக்ரமென்டோ கிங்ஸ் ரசிகன் பேசுகிறேன். விருத்தாசலம். டல்லாஸ்காரர்கள் ஒன்பது மாதமாகக் கஷ்டப்படுகிறீர்கள். எங்கள் டீம் 16 சீசன் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. 2006-க்கு அப்புறம் 2023-இல்தான் போனது. என்.பி.ஏ. வரலாற்றிலேயே அவ்வளவு நீளமாக வேறு எந்த டீமும் காய்ந்ததில்லை.

நான் வந்து சேர்ந்தது 2019 அக்டோபரில். இந்தியாவில் முதன்முதலாக என்.பி.ஏ. ஆட்டம் நடந்தது, மும்பையில், கிங்ஸும் இந்தியானா பேசர்ஸும். ஓனர் விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். முதல் நாள் ஆட்டத்தை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகவே வைத்தார்கள். டி.வி.யில் அந்தப் பிள்ளைகள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஓவர்டைமில் ஒரே பாயிண்டில் தோற்றோம். தோற்ற டீமைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்த பிறகுதான் பழைய கதையெல்லாம் தெரிந்தது. 2018 டிராஃப்டில் எங்களுக்கு இரண்டாவது பிக். லூக்கா இருந்தார். மார்வின் பாக்லியை எடுத்தார்கள். அதாவது, முதுநகர் அண்ணே, உங்கள் லூக்கா எங்களுக்கு வந்திருக்க வேண்டியவர். 2014 டிசம்பரில் மைக்கேல் மலோனை கோச் வேலையிலிருந்து நீக்கினார்கள், அப்போது டீம் 11 வெற்றி, 13 தோல்வி என்றுதான் இருந்தது, ஒன்றும் மோசமில்லை. அவர் டென்வருக்குப் போய் 2023-இல் கோப்பை வாங்கினார். 2022-இல் டைரீஸ் ஹாலிபர்ட்டனை இந்தியானாவுக்குக் கொடுத்தார்கள். 2025 ஃபைனல்ஸில் ஏழாவது ஆட்டம் வரைக்கும் பேசர்ஸைக் கொண்டுபோனவர் அவர்தான். 16 வருட வறட்சியை முடித்து வைத்து அந்த வருடத்தின் சிறந்த கோச் ஆன மைக் பிரவுனை 2024 டிசம்பரில் நீக்கினார்கள்.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது ஹாலிபர்ட்டன். அவருக்குப் பதிலாக வந்த சபோனிஸ் நல்ல ஆட்டக்காரர், அவர் வந்ததால்தான் 2023 கிடைத்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையன் சாக்ரமென்டோவிலேயே இருக்க ஆசைப்பட்டான். யாரும் போக விரும்பாத ஊருக்கு ஒருவன் இருக்கிறேன் என்று சொன்னான். அவனை அனுப்பினார்கள்.

கெடிலக்கரை
காலை 8:30

எனக்கு ஒன்று புரியவில்லை. உலகத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு கோடீஸ்வரர் இன்னொரு கோடீஸ்வரருக்கு ஆள் மாற்றியதற்கு கடலூரில் ஏன் தூக்கம் போக வேண்டும்? நம் மாவட்ட டீம் யார் யார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆசையாக விளையாடும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல போர்டு இல்லை. அதைப் பற்றி ஒரு இழை ஆரம்பித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

உப்பனாறு
காலை 9:40

கெடிலக்கரை அண்ணா, நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். நான் நம் ஊர் டீமில் ஆடியவள். அதனால்தான் முதுநகர் அண்ணாவின் கோபம் எனக்குப் புரிகிறது. இரண்டும் ஒரே விஷயம்.

எந்த டீம், எந்த வருடம் என்று எழுதப்போவதில்லை. அதில் இருந்தவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரு போட்டிக்கு 12 பேர் பட்டியல் போட்டிருந்தார்கள். இரண்டு மாதமாக தினமும் காலை ஐந்தரைக்குப் பயிற்சி. எங்கள் பிவட் ஆடுகிற பெண் கடற்கரை கிராமத்திலிருந்து சைக்கிளில் வருவாள். மழை நாளில் சிமென்ட் தரையில் தண்ணீர் தேங்கினால் முதலில் துடைப்பம் எடுப்பவள் அவள்தான். ரிங்குக்குக் கீழே அவள் நின்றால் ரீபவுண்ட் நமக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்.

கிளம்புகிற அன்று இரவு பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் பையோடு வந்துவிட்டோம். அங்கே வைத்துத்தான் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு உன் பெயர் இல்லை என்றார். பயிற்சிக்கு இரண்டே நாள் வந்த ஒரு பெண்ணை அந்த இடத்தில் போட்டிருந்தார்கள். காரணம் கேட்டோம். நிர்வாகம் முடிவெடுத்தது என்றார்கள். அவ்வளவுதான். அவள் அம்மா சீட்டுப் பணத்தில் வாங்கிக்கொடுத்த புது ஷூ பையில் இருந்தது. உள்ளே அடைத்திருந்த காகிதத்தைக்கூட அவள் எடுக்கவில்லை, போட்டி அன்றைக்குத்தான் போடுவேன் என்று வைத்திருந்தாள். அந்த ஷூவை என்னிடம் கொடுத்து, "உனக்கும் ஏழாம் நம்பர்தானே அக்கா, நீ போட்டுக்கோ" என்றாள். நான் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினோம். அது பெரிய விஷயம் இல்லை. அவள் அதற்கப்புறம் மைதானத்துக்கே வரவில்லை.

லூக்கா ஏப்ரலில் டல்லாஸுக்கு வந்து ஆடியபோது, பழைய காட்சிகளைப் பெரிய திரையில் ஓட்டினார்கள், அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு பஸ் ஸ்டாண்ட்தான் ஞாபகம் வந்தது. கோடீஸ்வரராக இருந்தாலும் சொல்லாமல் அனுப்பினால் இப்படித்தான் இருக்கும்.

கெடிலக்கரை
காலை 9:55

மன்னிக்கணும் அம்மா. நான் வேறு அர்த்தத்தில் கேட்டேன். அந்தப் பெண்ணை இப்போதாவது யாராவது கூப்பிட்டுப் பேச முடியுமா?

உப்பனாறு
காலை 10:05

கல்யாணமாகி சிதம்பரம் பக்கம் இருக்கிறாள். எப்போதாவது பேசுவோம். பந்து பற்றிப் பேச மாட்டோம்.

கணக்குப்பிள்ளை
காலை 11:20

பணத்தை யாரும் சரியாகத் தொடவில்லை, அதனால் சொல்கிறேன். என்.பி.ஏ.வில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு ஆட்டக்காரர் தன்னை வளர்த்த டீமிலேயே இருந்து, பெரிய விருதுகளும் வாங்கியிருந்தால், மற்ற எந்த டீமும் கொடுக்க முடியாத ஒரு பெரிய காண்ட்ராக்டை அந்த டீம் கொடுக்கலாம். ஊர்விட்டு ஊர் போகாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. லூக்காவுக்கு 2025 கோடையில் அது வந்திருக்கும். ஐந்து வருடத்துக்கு ஏறத்தாழ 34.5 கோடி டாலர். டல்லாஸ் அவரை மாற்றிய நொடியில் அந்த உரிமை போயிற்று. ஆகஸ்டில் லேக்கர்ஸோடு மூன்று வருடத்துக்கு 16.5 கோடி டாலரில் கையெழுத்துப் போட்டார். அவர் கேட்டுக்கொண்டு போகவில்லை, போகச் சொன்னார்கள், அதற்கு விலையும் அவரே கொடுத்தார்.

முதல் சுற்று பிக் ஒன்றே ஒன்று வாங்கியது எவ்வளவு பெரிய தப்பு என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019-இல் ஓக்லஹோமா சிட்டி பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தது. அவர்கள் மேனேஜர் சாம் பிரெஸ்டி வாங்கியது என்ன தெரியுமா? ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், கூடவே ஐந்து முதல் சுற்று பிக். அதில் ஒன்றில்தான் 2022-இல் ஜேலன் வில்லியம்ஸ் வந்தார். அந்த இருவரும் சேர்ந்து 2025 கோப்பையை வாங்கினார்கள். பால் ஜார்ஜ் லூக்கா அளவுக்கு இல்லை, வயதும் அதிகம். அவருக்கே அவ்வளவு கிடைத்தது.

தலைகீழான உதாரணமும் உண்டு. 2013-இல் புரூக்ளின், வயதான கெவின் கார்னெட்டுக்கும் பால் பியர்ஸுக்கும் ஆசைப்பட்டு பாஸ்டனுக்கு மூன்று முதல் சுற்று பிக்கும், ஒரு வருடம் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமையும் கொடுத்தது. அந்த வழியாகத்தான் பாஸ்டனுக்கு ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். 2024 ஃபைனல்ஸில் டல்லாஸை அடித்தது அவர்கள்தான். 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து ஓனர் டெட் ஸ்டெபியன் பிக் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்ததைப் பார்த்து, அடுத்தடுத்த இரண்டு வருடங்களுக்கு முதல் சுற்று பிக் இல்லாமல் போகும்படி யாரும் விற்கக் கூடாது என்று லீக் விதியே போட்டது. இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான். ஒரு டீமை நிர்வாகத்திடமிருந்து காப்பாற்ற விதி போட வேண்டியிருந்தது.

லாஸ்பேட்டை_லேக்கர்ஸ்
காலை 11:45

அந்தக் கிளீவ்லாந்து பிக்கில் ஒன்றுதான் 1982-இல் எங்களுக்கு நட்சத்திர ஆட்டக்காரர் ஜேம்ஸ் வொர்தியாக வந்தது. எங்களுக்கு இது புதிதில்லை போலிருக்கிறது.

முதுநகர்_77
மதியம் 1:30

கடையில் கூட்டம், இப்போதுதான் உட்கார முடிந்தது.

தங்கச்சி உப்பனாறு, நீ எழுதியதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் காலையில் சுற்றிச் சுற்றி எழுதியதை நீ ஒரு ஷூவில் சொல்லிவிட்டாய்.

மாஸ்டர், மீனுக்குக் காது இல்லை என்று சொன்னீர்கள். சரி. ஆனால் ரகசியமாகப் பேசுவதற்கும் ஒரே ஆளிடம் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே? நாலு டீம் மேனேஜரிடம் நாலு ரகசியப் பேச்சு நடத்தலாம். ஓக்லஹோமா அப்படித்தான் தன் ஆளின் மதிப்பு தெரிந்து பேசியிருக்கும். டல்லாஸ் பயந்தது வெளியே தெரிந்துவிடும் என்று. தெரிந்தால் என்ன ஆகும்? ரசிகர்கள் தடுத்துவிடுவார்கள். அதாவது, நாங்கள் என்ன சொல்வோம் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அந்த நேரத்தில் செய்தார்கள். டல்லாஸில் அப்போது நள்ளிரவு நெருங்கும் நேரம்.

எங்களைக் கேட்டு முடிவெடுக்கச் சொல்லவில்லை. ஆட்டத்தைப் பார்ப்பவன் மேனேஜர் ஆக முடியாது என்பது எனக்கும் தெரியும். லூக்காவைக் கூப்பிட்டு, உடம்பை இந்த அளவுக்குக் கொண்டுவந்தால்தான் காண்ட்ராக்ட் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். சொல்லியும் கேட்கவில்லை என்றால் அப்போது விற்றிருக்கலாம். அவரிடம் பேசாமல் அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசினார்கள். விற்றபிறகு அவர் உடம்பைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வர ஆரம்பித்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டைவிட்டு அனுப்பிய பிள்ளையைப் பற்றித் தெருவில் குறை சொல்வது போல.

நேற்றைய செய்திகளில் இன்னொன்று இருந்தது. ஓனர் பேட்ரிக் டுமோன்ட், திங்கட்கிழமை ஆட்டத்தில் லூக்கா சட்டை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் வருத்தம் சொன்னாராம். மறுநாள் மேனேஜரை நீக்கினார். அந்த டிரேடுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவரும்தான். மாஸ்டர் சொன்ன நோய் அங்கே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 2023 டிசம்பரில், மொத்த மதிப்பு ஏறத்தாழ 350 கோடி டாலர் என்று கணக்குப் போட்டு, டீமின் பெரும்பங்கை வாங்கினார்கள். வாங்கி ஒன்றரை வருடம் முடிவதற்குள் இது நடந்தது.

புதுவை_மாஸ்டர்
மதியம் 2:10

நாலு பேரிடம் தனித்தனியாகப் பேசியிருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை.

நல்ல நிர்வாகம் எப்படி இருக்கும் என்றும் யாராவது சொல்ல வேண்டும் இல்லையா. எனக்கு எப்போதும் சான் அன்டோனியோ. அந்த டீமின் கோச் கிரெக் போபோவிச் 1996-இலிருந்து 2025 வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்து கோப்பை. 2013 ஃபைனல்ஸில் கையில் வந்த கோப்பை ஆறாவது ஆட்டத்தின் கடைசி சில நொடிகளில் நழுவியது. நம் பக்கத்து நிர்வாகம் என்றால் மறுநாளே கோச்சைத் துரத்தியிருப்பார்கள். அவர்கள் யாரையும் துரத்தவில்லை. டங்கன், பார்க்கர், ஜினோபிலி மூவரையும் அப்படியே வைத்துக்கொண்டு 2014-இல் அதே மயாமியை 4-1 என்று அடித்தார்கள். என் பிள்ளைகளுக்கு அந்தத் தொடரின் பாஸ்களைப் போட்டுக் காட்டுவேன். பந்து யார் கையிலும் தங்காது.

உப்பனாறு, நீ எழுதியது எனக்கும் பட்டது. நானும் பட்டியல் போட்டவன்தான். 13-ஆவது பெண்ணிடம் பேசுவதற்குத் தயங்கி, போட்டிக்கு முந்தைய நாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டுப் போன வருடங்கள் உண்டு. இப்போது ஒட்டுவதற்கு முன் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துச் சொல்கிறேன். அழுவார்கள். சிலர் திட்டுவார்கள். ஆனால் அடுத்த நாள் மைதானத்துக்கு வருகிறார்கள்.

மட்டுறுத்துநர்
மதியம் 2:30

நீக்கப்பட்டவரின் குடும்பத்தைப் பற்றி வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். வேலையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள், வீட்டை விட்டுவிடுங்கள்.

ஊதாச்சட்டை
மாலை 6:45

ஒரு கேள்வி மட்டும், முதுநகர் அண்ணே. இந்த வருட டிராஃப்டின் முதல் ஆள் கூப்பர் ஃபிளாக் உங்களுக்கு வந்திருக்கிறாரே? முதல் ஆளை யார் எடுப்பது என்று லீக் போடும் லாட்டரியில் அந்த முதல் பிக் விழ உங்களுக்கு இருந்த வாய்ப்பு 1.8 சதவீதம்தான். எங்களுக்கு அந்த மாதிரி அதிர்ஷ்டம் ஒரு தடவை அடித்திருந்தால் கோயில் கோயிலாகப் போயிருப்போம். 18 வயதுப் பையன். அவனுக்காகவாவது திரும்பி வர மாட்டீர்களா?

முதுநகர்_77
இரவு 9:20

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

லாட்டரியில் பந்து விழுந்தது நிர்வாகம் செய்த வேலை இல்லை. மே மாதம் அதைப் பார்த்து என் நண்பர்கள் எல்லாம் சரியாகிவிட்டது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் ஃபிளாக் மேல் என்ன தப்பு? அந்தப் பையன் தினமும் இறங்கி ஆடுகிறான், தோற்கும்போதும் ஓடுகிறான். காலையில் டேவிஸைப் பற்றி லாஸ்பேட்டை தம்பி கேட்ட கேள்வியை இவனுக்கும் யாராவது கேட்கும்படி நடந்துகொள்ள மாட்டேன்.

என் அக்கா மகனுக்கு 11 வயது. ஏப்ரலில் லூக்கா டல்லாஸுக்குத் திரும்பி வந்த ஆட்டத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்தான், இங்கே விடியற்காலை. 77-ஆம் நம்பர் நீலச் சட்டை போட்டிருந்தான். நான் சென்னையிலிருந்து வாங்கி வந்தது, முழங்கால் வரைக்கும் தொங்கும். லூக்கா முகத்தைத் துடைத்தபோது, "மாமா, அவரு ஜெயிக்கப் போறாரே, ஏன் அழறாரு?" என்று கேட்டான். அன்றைக்கு 45 பாயிண்ட் போட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அந்தச் சட்டையை அதற்கப்புறம் டிரங்க் பெட்டியில் போட்டுவிட்டேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இன்று சாயங்காலம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் வளர்ந்திருக்கிறான், இப்போது தொடை வரைக்கும்தான் வருகிறது.

மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் கடலூர் வருவதாக ஒரு தடவை சொன்னீர்கள். அண்ணா விளையாட்டரங்கத்துக்கு நானும் அவனும் வருகிறோம். அவனுக்கு லே-அப்பில் இடது கை வரவே மாட்டேன் என்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

புதுவை_மாஸ்டர்
இரவு 9:35

ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் தரை சுடும்.

உப்பனாறு
இரவு 9:50

மாஸ்டர், நானும் வரட்டுமா? என் பெண்ணுக்கு ஏழு வயது. பந்தைத் தூக்கவே முடியாது, ஆனால் வருவேன் என்கிறாள்.

முதுநகர்_77
இரவு 9:55

தாராளமா வாம்மா. மாஸ்டர், பந்தை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். எங்களிடம் இருப்பதில் காற்று நிற்கவில்லை.